மருந்தில்லாத ஊசி

விடிந்த கொஞ்ச நேரத்திலேயே தவளக்குப்பம் சந்திப்பில் கோழிக்கடை அக்கா முதல் கோழியை அறுத்துவிடுவாள். அதற்கு முன்னால் நான் அங்கே போய் நின்றாக வேண்டும். கையில் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க். அதில் காபி இருக்காது, ஐஸ்கட்டி போட்டுக் குளிரவைத்த உப்புக் கரைசல் இருக்கும். கோழிக்குடலில் ஒரு முழ நீளத்தை அதில் போட்டு மூடிக்கொண்டு, கடலூர் சாலையில் வரும் அடுத்த பேருந்தில் தொற்றிக்கொள்வேன். கோழி செத்துப்போனாலும் அதன் குடல் சில மணி நேரம் உயிரோடுதான் இருக்கும். அந்தச் சில மணி நேரத்துக்குள் என் வேலையை முடித்தாக வேண்டும்.

"இன்னாமா டாக்டரு, கறி வாணாம், கொடலு மட்டும் போதுமா?" என்று அக்கா தினமும் கேட்பாள்.

"நான் டாக்டர் இல்லக்கா. மருந்தப் பத்திப் படிக்கிறவ."

"மருந்தப் பத்திப் படிக்கிறவளுக்குக் கோழிக்கொடலு இன்னாத்துக்கு?"

நான் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு பதில் சொல்வேன். அவளும் ஒவ்வொரு நாளும் தலையை ஆட்டிக்கொண்டே அறுப்பாள். ஒரு வாரத்துக்குப் பிறகு, நான் வருவதற்கு முன்பே குடலைத் தனியாக எடுத்து, "இது நம்ம பாப்பாவுக்கு, யாரும் தொடாத" என்று கணவரிடம் சொல்லிவைக்க ஆரம்பித்தாள். கடைக்கு வரும் மற்றவர்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். கறி வாங்க வழியில்லாத பெண் என்று நினைத்திருப்பார்கள்.

இது நடந்து இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நான் எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி மிகச் சிறியது. மருந்தியல் ஆய்வகம் மாடியில் மேற்குப் பக்கம் இருந்தது. மதியத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழும். அந்த ஆய்வகத்தில் நான் கழித்த பத்து மாதங்களைப் போல வேறு எந்தப் பத்து மாதமும் எனக்கு இத்தனை தெளிவாக நினைவில் இல்லை. எந்த மேசையின் எந்தக் கால் ஆடும், எந்தக் குழாயைத் திறந்தால் முதலில் துருத்தண்ணீர் வரும் என்பது வரைக்கும் இப்போதும் சொல்வேன்.

என் ஆய்வு ஒரு வலி மருந்தைப் பற்றியது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முட்டி வலி, இடுப்பு வலி, தோள்பட்டை வலி என்று எந்த கிளினிக்குக்குப் போனாலும் ஊசியாகப் போட்டு அனுப்புவார்களே, வீக்கத்தையும் வலியையும் குறைப்பதற்கு, அந்த வகையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து தசை சுருங்குவதை ஏதாவது செய்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. தலைப்பை நானே தேர்ந்தெடுத்தேன். காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பா பஞ்சாலையில் இருபத்திரண்டு வருடம் தறிக்கூடத்தில் நின்றவர். ஆலை மூடியபோது அவருக்கு மிஞ்சியது ஒரு வலிக்கிற இடது தோள். அதன் பிறகு ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டினார். வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை, தெருமுனை கிளினிக்கில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வருவார். ஊசி போட்ட இரண்டு நாள் சிரித்த முகமாக இருப்பார். வியாழக்கிழமை வந்தால் அம்மாவிடம் எரிந்து விழுவார்.

சோதனையைச் சொன்னால் எளிதாகப் புரியும். ஒரு விரல்கணு நீளத்துக்குக் குடலை வெட்டி, இரண்டு முனையிலும் நூல் கட்ட வேண்டும். வெதுவெதுப்பான உப்புக் கரைசல் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அதைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். கீழ் நூல் அடியில் இருக்கும் கொக்கியில். மேல் நூல் ஒரு மெல்லிய நெம்புகோலில். நெம்புகோலின் மறுமுனை, கரி படிந்த காகிதம் சுற்றிய ஓர் உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். உருளை மெதுவாகச் சுழலும். குழாய்க்குள் குடலைச் சுருங்கவைக்கும் மருந்து ஒரு சொட்டு விட்டால், அந்தத் துண்டு தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். நெம்புகோல் எழும். கறுப்புக் காகிதத்தில் ஒரு வெள்ளைக்கோடு மேலேறும். கழுவி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடியும் ஒரு சொட்டு. இப்படி நாலைந்து கோடுகள் ஒரே உயரத்தில் வந்த பிறகு, என் வலி மருந்தைக் குழாய்க்குள் விட்டுவிட்டு மறுபடியும் அதே சொட்டு. இப்போது கோட்டின் உயரம் குறைகிறதா, கூடுகிறதா? அவ்வளவுதான்.

முதல் முறை அந்தக் குடல் துண்டு சுருங்கியதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோழி எப்போதோ செத்துவிட்டது. அதன் கறி யார் வீட்டிலோ கொதித்துக்கொண்டிருக்கும். இங்கே அதன் ஒரு துண்டு, சொட்டு விழுந்ததும் உடம்பைச் சுருக்கிக்கொள்கிறது.

அந்த ஆய்வகத்தில் நான் தனியாக இல்லை. என்னோடு படித்த ஒருத்தியும் அதே உருளையில் வேறு ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவள் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் தெருவில் அவரைச் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். சிப்பாய் என்று அர்த்தம். என் வீடு ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த சந்தில். இருவரும் ஒரே ஊர்க்காரிகள் என்றாலும், அந்தக் கல்லூரி இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டிருக்க மாட்டோம். அவள் வீட்டில் முதல் முறை சாப்பிட்டபோது, பரிமாறிய அம்மாவிடம் அவள் 'மெர்சி' என்றாள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய் அம்மா சோறு போட்டபோது, "தாங்க்ஸ்மா" என்றேன். "இன்னாடி ஆச்சு உனுக்கு?" என்று அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காகிதத்தில் கரி ஏற்றுவதில் தோழிக்கு நிகர் யாருமில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே உருளையை ஒரே சீராகச் சுழற்ற வேண்டும். வேகமாகச் சுழற்றினால் கரி பிடிக்காது. மெதுவாகச் சுழற்றினால் காகிதம் பழுத்துவிடும். அவள் ஏதோ ஒரு மாதா கோயில் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே சுழற்றுவாள். பாட்டு முடியும்போது காகிதம் மைபோல மின்னும். எங்கள் மூக்குக்குள், நகக்கண்ணில், துப்பட்டாவின் ஓரத்தில் என்று எங்கும் கரி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் பாடகர் வரிசையில் நிற்கும்போது, பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்த்துப் பக்கத்திலிருந்த அம்மாள், "அடுப்பு வேலைக்கா போற?" என்று கேட்டாளாம்.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். சட்டைக் காலருக்கு அடியில் மடித்த கைக்குட்டை ஒன்றை எப்போதும் செருகியிருப்பார். அதிகம் பேசமாட்டார். நாங்கள் எடுத்த கோடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் "ம்" என்பார். சரியில்லை என்றால் அதுவும் சொல்ல மாட்டார்.

என் மருந்தைக் குழாய்க்குள் விட்ட முதல் நாளே கோடு இறங்கியது. மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட, கோடுகள் படிக்கட்டு இறங்குவதுபோல ஒன்றைவிட ஒன்று குட்டையாகிக்கொண்டே வந்தன. அத்தனை அழகான படிக்கட்டை அதற்கு முன்னால் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். பேராசிரியர் அந்தக் காகிதத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. இன்னும் ஆறு கோழி பாருங்க."

ஆறு கோழியும் அதையே சொல்லின.

அந்த வருடம் சென்னையில் நடந்த ஒரு மாநாட்டில் அந்த முடிவைக் கட்டுரையாகப் படித்தேன். பரிசு எனக்கு என்று அறிவித்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் எல்லோருக்கும் முன்னால் கைதட்டியது கேட்டது. திரும்பி வரும்போது திண்டிவனத்தில் பேருந்து நின்றது. எனக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொடுத்து, தான் படித்த காலத்தில் தவளையை வைத்து இதே சோதனையைச் செய்ததையும், ஒரு நாள் தவளை தப்பித்து முதல்வரின் அறைக்குள் போய்விட்டதையும் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டில் பரிசுக் கேடயத்தை அப்பா இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "இதுல இன்னா கண்டுபுடிச்ச நீ?"

"நீங்க போட்டுக்குறீங்களே ஊசி, அது தசையச் சுருங்க விடாமப் பண்ணுதுப்பா. தசையத் தளர வச்சுடுது."

"அப்போ பெலன் கொறையுமா?"

கோழிக்குடலின் தசை வேறு, தோளின் தசை வேறு என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது என்றுதான் முதல் வருடமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் கையில் கேடயம் இருந்தது, எதிரில் அப்பா இருந்தார். "கொறையலாம்" என்றேன். அப்பா வேறொன்றும் கேட்கவில்லை. கேடயத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், தோழி அலமாரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு எந்தக் காகிதம் கிடைத்தாலும் படிக்க வேண்டும், பொட்டலம் கட்டி வந்த துண்டாக இருந்தாலும் சரி. என் ஊசி மருந்துப் பெட்டியில் மடித்து வைத்திருந்த பொடி எழுத்துக் காகிதத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"ஏன்டி, இந்தக் குப்பிக்குள்ள மருந்து மட்டுமா இருக்கு?"

"ஏன்?"

"மருந்து கரையறதுக்கு வேற திரவம் ஊத்தியிருக்காங்க. கெடாம இருக்க ஒரு ஆல்கஹாலும் இருக்கு. மருந்து இல்லாம ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு நீ என்ன விட்ட?"

"உப்புத் தண்ணி."

"அப்போ இந்த ஆல்கஹாலுக்கு யாரு பதில் சொல்றது?"

மாதக்கணக்காகக் குப்பியை உடைத்து அப்படியே குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அந்த ஆய்வகத்தில் படித்தவர்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள். அது தவறாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் குப்பியில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் அதே அளவில் கலந்தோம், மருந்து ஒன்றைத் தவிர. தோழி அந்தப் பாட்டிலின் மேல் காகிதம் ஒட்டி, 'மருந்தில்லாத ஊசி' என்று எழுதினாள். நான் பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த குடலைக் கட்டித் தொங்கவிட்டோம். கோடுகள் ஒரே உயரத்தில் வந்தன. பிறகு அந்தப் பாட்டிலில் இருந்து உறிஞ்சிக் குழாய்க்குள் விட்டேன். சொட்டு விழுந்தது. நெம்புகோல் எழுந்து, பாதியிலேயே நின்றது.

அளவைக் கூட்டினோம். கோடு இன்னும் குட்டையானது. என் அழகான படிக்கட்டு, ஒரு படி குறையாமல், மருந்தே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. தோழி என் தோளில் கையை வைத்தாள். அவள் விரல் பட்ட இடத்தில் சுடிதாரில் கரி ஒட்டிக்கொண்டது. இருவருக்கும் அது சிரிப்பாகத் தோன்றவில்லை.

பேராசிரியரிடம் காகிதத்தைக் காட்டினேன். ஜன்னலுக்குக் கொண்டுபோகவில்லை. மேசைமேல் வைத்துக் கையால் மூடிக்கொண்டார்.

"சப்மிஷனுக்கு எவ்ளோ நாள் இருக்கு?"

"மூணு வாரம் சார்."

"எல்லாரும் குப்பி மருந்துலதான் செய்றாங்க. இதை இப்பக் கிளற வேணாம். கடைசில, கரைப்பானோட விளைவையும் பாக்கணும்னு ஒரு வரி எழுதிக்கங்க. போதும்."

உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவரே சொல்லிவிட்டார். பரிசு வாங்கியாகிவிட்டது. மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் மறுபடி செய்ய முடியாது. வேலைக்கு வேறு சொல்லிவைத்திருந்தேன். தோழியிடம் சொன்னபோது அவள் "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விளக்கைக் கொளுத்தி உருளையைச் சுழற்ற ஆரம்பித்தாள். அன்று அவள் பாடவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது அப்பாவின் வேன் வந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார். முன்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தேன். கியர் மாற்றுவதற்கு அவர் இடது கையைப் பயன்படுத்தவில்லை. அது மடியில் கிடந்தது. ஒவ்வொரு கியருக்கும் வலது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, உடம்பைத் திருப்பிக் குறுக்கே நீட்டித் தள்ளினார். அந்த ஒரு நொடி ஸ்டீயரிங்கை யாரும் பிடித்திருக்கவில்லை.

"அப்பா! இடது கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் தூக்க வரல."

"ஊசி போட்டுக்கலையா?"

"அத உட்டு ரெண்டு மாசம் ஆவுது." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீதானம்மா சொன்ன, அது பெலத்தக் கொறைக்கும்னு. புள்ளைங்கள ஏத்திக்கினு போறேன். கையில பெலன் வாணாமா?"

பின்னால் காலியான சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தை விட்டுப்போனது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னேன். "நான் சொன்னது தப்புப்பா. அந்த ஊசி பெலத்தக் கொறைக்குதுன்னு எனக்குத் தெரியாது. குப்பியில இருந்த வேற ஒண்ணு பண்ணத மருந்து பண்ணுச்சுன்னு நெனச்சுட்டேன். அதுவும் கோழிக்கொடல்ல பாத்தது. உங்க தோளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அப்பா வண்டிச் சாவியை உருவினார்.

"அப்போ அந்தப் பரிசு?"

"அது தப்பா குடுத்துட்டாங்க."

"நீ தப்பா வாங்கிட்ட" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்ப்பவர்போலச் சொன்னார். பிறகு, "ஆனா ஒண்ணு. ஊசிய உட்ட மொதல் வாரம் கை நல்லா வலுவாத்தான் இருந்துது. நெஜமாத்தான் சொல்றேன்" என்றார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே அவரைக் கதிர்காமம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். மூட்டு இறுகிவிட்டது, ஊசியைவிடப் பயிற்சிதான் முக்கியம் என்றார் டாக்டர். சுவர் ஓரமாக நின்று, விரல்களாலேயே சுவரில் மேலேறச் சொன்னார்கள். தோள் சரியாகும் வரைக்கும் வேன் ஓட்டக்கூடாது என்றார்கள். அப்பா அதற்குச் சம்மதிக்கத்தான் நேரமாயிற்று. வீட்டுக் கூடத்துச் சுவரில், விரல் எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். வெள்ளையடித்து மூன்று மாதம்கூட ஆகாத சுவர் என்று அம்மா புலம்பினாள்.

நான் தோழியிடம் திரும்பிப் போனேன். "தூள் வேணும்" என்றேன். "எதுவும் கலக்காத மருந்து. சுத்தமா."

அவள் உடனே எழுந்தாள். தன் ஸ்கூட்டியை எடுத்தாள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் மாத்திரை தயாரிக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில், அவள் சர்ச்சில் பாடும் ஒருவர் வேதியியலாளராக இருந்தார். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். முறைப்படி கல்லூரியின் கடிதம் வேண்டும் என்றார். கடிதம் இல்லை. பேராசிரியரிடம் கேட்கவே இல்லை. தொங்கிய முகத்தோடு திரும்பினோம்.

மறுநாள் காலை, பிளாஸ்க்கோடு மாடி ஏறினேன். ஆய்வகத்தின் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே பேராசிரியர். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். எப்போதும் காலரில் இருக்கும் கைக்குட்டை மேசைமேல் கரியோடு கிடந்தது. உருளைக்குத் தானே கரி ஏற்றியிருந்தார். அத்தனை சீராக இல்லை, ஒரு பக்கம் திட்டுத்திட்டாக இருந்தது. மேசையில் தோழி கலந்துவைத்த 'மருந்தில்லாத ஊசி' பாட்டில். பக்கத்தில் பழுப்பேறிய அட்டை போட்ட ஒரு கனமான புத்தகம். அவருடைய சொந்த ஆய்வேடு.

"கொடல் கொண்டாந்துருக்கீங்களா?"

"இருக்கு சார்."

"குடுங்க. நான் கட்டறேன்."

அவர் விரல் நடுங்காமல் நூல் கட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோடு எழுந்தது. பிறகு பாட்டிலிலிருந்து விட்டார். கோடு பாதியில் நின்றது. அவர் உருளையை நிறுத்தவில்லை. நாலு முறை கழுவி நாலு முறை செய்தார். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நானும் குப்பியத்தான் ஒடச்சு ஊத்துனேன்" என்றார், ஆய்வேட்டைத் தொட்டபடி. "வேற மருந்து. ஆனா இதே ஆல்கஹால்தான். எனக்குப் பின்னால வந்த எல்லாருக்கும் அப்படியே செய்யச் சொல்லிக் குடுத்தேன். நேத்து ராத்திரி தூக்கம் வரல."

தோழி அப்போதுதான் உள்ளே வந்தாள். எங்கள் இருவரையும், அவர் கையில் இருந்த கரியையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"சார், தூள் வாங்கக் கடிதம் ஒண்ணு வேணும்" என்றேன்.

உடனே எழுதிக்கொடுத்தார். கையெழுத்துக்குக் கீழே அவர் கட்டைவிரல் கரி அப்படியே பதிந்திருந்தது. வேறு காகிதத்தில் எழுதித் தரட்டுமா என்று கேட்டார். "பரவால்ல சார்" என்று தோழி பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அடுத்த பதினெட்டு நாட்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. கோழிக்கடை அக்காவிடம் தினமும் இரண்டு கோழியின் குடல் வாங்கினேன். "இன்னாமா, பரீட்சையா?" என்றாள். ஆமாம் என்றேன். தோழி தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு எனக்காகக் கரி ஏற்றினாள். தூள் தண்ணீரில் எளிதில் கரையவில்லை. கரையவைக்கவே நான்கு நாள் ஆனது. ஒருவழியாகச் சுத்தமான மருந்தைக் குழாய்க்குள் விட்டோம். சாதாரண அளவில் கோடுகள் ஏறக்குறைய அதே உயரத்தில் நின்றன. அளவை மிகவும் கூட்டியபோதுதான் கொஞ்சம் இறங்கின. பரிசு வாங்கித்தரும் படிக்கட்டாக அது இல்லை. தொடர்ந்து எட்டு நாள் பார்த்தும் அதுவேதான் வந்தது.

அதையே எழுதினேன். முதலில் எடுத்த முடிவையும், அது ஏன் தவறு என்பதையும், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் சேர்த்து எழுதினேன். தோழியின் பெயரை நன்றியுரையில் போட்டபோது அவள், "நான் காகிதத்தப் படிச்சேன், அவ்ளோதான்டி" என்றாள். மாநாடு நடத்தியவர்களுக்குப் பேராசிரியரே கடிதம் எழுதி, கேடயத்தைப் பார்சலில் திருப்பி அனுப்பினார். அவர்களிடமிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே, "அப்போ ஒண்ணும் கண்டுபிடிக்கலையா?" என்றார். நான் பதில் தேடுவதற்குள் பேராசிரியர் சொன்னார். "கண்டுபிடிச்சிருக்காங்க சார். என் தப்ப."

எனக்கு மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. ஆனால் பட்டம் கிடைத்தது. அன்று மாலை மூவரும் கல்லூரி வாசலில் நின்று இளநீர் குடித்தோம். பேருந்து வந்ததும் அவரவர் வழியில் போனோம்.

தோழி அடுத்த வருடம் கல்யாணமாகி பிரான்சுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை. மாதம் ஒரு முறையாவது பேசிக்கொள்வோம். அவளுடைய மகனுக்குத் தமிழ் அரைகுறைதான். அவன் பின்னால் நின்று ஏதோ கேட்க, அவள் பிரெஞ்சில் அதட்டுவது காதில் விழும். அப்பா எட்டு வாரம் கழித்து மறுபடியும் வேன் ஓட்டினார், இரண்டு கையாலும். அதன் பிறகு ஆறு வருடம் ஓட்டினார். இப்போது வீட்டில் இருக்கிறார்.

நான் ஒரு மருந்தியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இப்போது உருளையும் இல்லை, கரியும் இல்லை. கணினித் திரையில் ஒரு குடல் தொங்கும். பொத்தானை அழுத்தினால் சுருங்கும். அது ஒருநாளும் சோர்ந்துபோவதில்லை, நூல் நழுவுவதில்லை, காலையில் பேருந்தைத் தவறவிடுவதில்லை. அது நல்லதுதான். ஆனாலும் சில மதியங்களில், ஆய்வகத்தில் வெயில் சாய்ந்து விழும்போது, மண்ணெண்ணெய்ப் புகையின் வாசம் எங்கிருந்தோ வருவதுபோல இருக்கும். ஒரு நிமிடம் நின்றுவிட்டு வகுப்புக்குப் போவேன்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய புத்தகங்கள் பரப்பியிருந்த இடத்தில் பேராசிரியரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. முடி முழுக்க வெளுத்திருந்தது. காலரில் கைக்குட்டை அப்படியே இருந்தது. குனிந்து, ஒரு பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பிரெஞ்சு படிக்கிறீங்களா?"

"சாயங்கால வகுப்புக்குப் போறேன். எல்லாம் சின்னச் சின்னப் பசங்க. நான் ஒருத்தன்தான் கிழவன்." புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "புதன்கிழமை பரீட்சை. வினைச்சொல்லு ஒண்ணும் மனசுல நிக்கல. பயமா இருக்கு."

"நல்லா எழுதுவீங்க சார்."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு, உதட்டுக்குள் எதையோ மனப்பாடம் செய்துகொண்டே கூட்டத்துக்குள் நடந்துபோனார்.